சமூகப்பணிப் பட்டமும் கல்விக்கடனும்: தவணையிலிருந்து கணக்கைத் தொடங்குவோம்

நேயர்களுக்கு வணக்கம்.

சமூகப்பணி படிக்க வருபவர்கள் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவார்கள். சேவைக்குப் போகிறவருக்குச் சம்பளக் கணக்கு எதற்கு என்று வீட்டிலும் கேட்பார்கள். தவணை கட்ட முடியாமல் நல்ல பணியாளர் ஒருவர் தொழிலை விட்டுப் போனால், அவரை நம்பியிருந்த குடும்பங்களும் நடுவழியில் நிற்கும். அதனால் இந்தக் கணக்கைச் சேர்வதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

எந்த நாணயமானாலும் சரி, கடன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடப் படிப்பு, ஆண்டுக்கு 50,000 வீதம் கடன், வட்டி 10 சதவீதம், படித்து முடித்தபின் ஒரு வருட அவகாசம். தனிவட்டியாகவே பார்த்தாலும் முதல் வருடம் 5,000, அடுத்த இரண்டு வருடமும் பத்துப் பத்தாயிரம். முதல் தவணை கட்டும் நாளில் கடன் ஒரு லட்சமாக இருக்காது, 1,25,000 ஆகியிருக்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 1,652. மொத்தமாகக் கட்டுவது 1,98,000-க்குச் சற்று மேல். வாங்கியதைப் போல இரண்டு மடங்கு!

படிக்கும்போதும் அவகாச வருடத்திலும் வட்டியை மட்டும் கட்டி வந்தால் என்ன ஆகும்? முதல் வருடம் மாதம் 417, பிறகு மாதம் 833. அசல் ஒரு லட்சத்திலேயே நிற்கும், தவணை 1,322-ஆக இறங்கும். கட்டிய வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 14,600 மிச்சம். பகுதிநேர வேலையோ வீட்டு உதவியோ கிடைத்தால் அந்தப் பணம் முதலில் இதற்குப் போகட்டும். அவகாசக் காலத்தில் தனிவட்டியா, வட்டிக்கு வட்டியா என்பதைக் கடன் கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டாமல் கடன் வாங்கு" என்று பலரும் சொல்வார்கள். வட்டி குறைவாக இருந்தால் இது ஓரளவு பொருந்தும். 10 சதவீத வட்டியில், மேலே சொன்ன கணக்குப்படி, கையில் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு தவணைக்கே போய்விடும். தொடக்கச் சம்பளம் குறைவாக உள்ள துறையில் அது தாங்காது. தவணை சம்பளத்தில் பத்தில் ஒன்றாக இருக்க வேண்டுமானால், வாங்கும் கடன் ஒரு வருடம் கையில் வரும் பணத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. நான் பரிந்துரைப்பது இந்தப் பாதிக் கணக்கைத்தான். பிடித்தம் போக வருவதை வைத்தே பாருங்கள். களத்துக்குப் போய்வரும் செலவைத் தனியாகத் தருகிறார்களா, சம்பளத்துக்குள்ளேயே அடக்கிவிட்டார்களா என்பதையும் விசாரியுங்கள்.

அந்தச் சம்பளம் எவ்வளவு என்று எப்படி அறிவது? கல்லூரி சொல்லும் சராசரியை நம்பிவிட வேண்டாம். ஐந்து பேரின் சம்பளம் 20, 20, 22, 24, 90 ஆயிரம் என்றால் சராசரி 35 ஆயிரத்தைத் தாண்டும். வரிசையின் நடுவில் நிற்பவர் வாங்குவதோ 22 ஆயிரம். தனியார் பெருநிறுவனப் பணிக்குப் போன ஒருவர் சராசரியை இழுத்து மேலே ஏற்றிவிடுகிறார். நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேளுங்கள். எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை பேருக்குத் திட்டப்பணி என்றும் கேளுங்கள். திட்டப்பணியில் நிதி நின்றால் சம்பளமும் நின்றுவிடும், தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதத் தவணைக்கான தொகையைத் தனியாக எடுத்துவைத்த பிறகே கடனை முன்கூட்டி அடைக்க நினைக்கலாம்.

கட்டணப் பட்டியலில் வராத செலவு ஒன்று உண்டு: களப்பயிற்சி. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரம், இளங்கலைக்கு 400 மணி நேரம். பெரும்பாலும் ஊதியம் கிடையாது. வாரம் மூன்று நாள் களத்தில் நின்றால், வழக்கமாகச் செய்துவந்த பகுதிநேர வேலை போய்விடும். இழக்கும் அந்த வருமானத்தையும் படிப்புச் செலவில் சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலிய அரசு 2025 ஜூலை முதல், தகுதியுள்ள சமூகப்பணி மாணவர்களுக்குக் கட்டாயப் பயிற்சிக் காலத்தில் வாராந்திர உதவித்தொகை தருகிறது. மற்ற நாடுகளிலும் இது வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உரிமம் தேவைப்படும் நாடுகளில், பட்டம் வாங்கியதும் முழுச் சம்பளம் வந்துவிடாது. எடுத்துக்காட்டாக அமெரிக்காவில், மனநலச் சிகிச்சையும் தரும் சமூகப்பணிக்கான உரிமத்துக்கு முன் மேற்பார்வையில் பல ஆயிரம் மணி நேரம் வேலை பார்க்க வேண்டியிருக்கும். கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லையென்றால் அந்த உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே சிக்கலாகிவிடும்.

கடைசியாக, கடன் தள்ளுபடி. அமெரிக்காவில் 2007-இல் சட்டமான திட்டம் ஒன்றின்படி, அரசிலோ தகுதியுள்ள லாபநோக்கற்ற அமைப்பிலோ முழுநேரமாக வேலை பார்த்து 120 தவணை கட்டியவருக்கு மீதிக் கடன் தள்ளுபடியாகும். முதல் விண்ணப்பங்கள் 2017-இல் வந்தபோது மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. கடனின் வகை பொருந்தவில்லை, திருப்பிக் கட்டும் முறை பொருந்தவில்லை, 120 தவணை நிறையவில்லை என்பவை முக்கியக் காரணங்களில் சில. எந்த நாட்டுத் தள்ளுபடியை நம்பினாலும் பத்தாவது வருடம் வரை காத்திருக்காதீர்கள். வேலை தரும் அமைப்பிடம் ஆண்டுதோறும் சான்று வாங்கி அனுப்புங்கள், எத்தனை தவணை கணக்கில் ஏறியிருக்கிறது என்ற பதிலையும் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். வணக்கம்.