பழைய ஞாயிறு இணைப்புக்கு உள்ளடக்கப் பட்டியல் போடுறது எப்படி?

வணக்கம். வாரமலரோ தினமணி கதிரோ, ஞாயித்துக்கிழமை பேப்பரோட வந்த பழைய இணைப்பு ஒண்ணு உங்க கையில கிடைச்சா, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி அதுல என்னென்ன இருக்குன்னு ஒரு பட்டியல் போடுங்க. நாளிதழை பைண்ட் பண்ணி வைக்கிறவங்ககூட இணைப்பை விட்டுடுவாங்க. அதுல வந்த பல கதைகள் புத்தகமாவும் வரல. அந்தத் தாள் போனா கதையும் போச்சு.

முதல்ல பக்கம் முழுசா இருக்கான்னு பாருங்க. இந்த மாதிரி 32 பக்க இதழ்ல ஒரு தாளுக்கு நாலு பக்கம். ஒரே முகத்துல பக்கத்துல பக்கத்துல வர்ற ரெண்டு எண்ணையும் கூட்டினா 33 வரும்: 1, 32. 2, 31. 5, 28. அதனால 5ஆம் பக்கம் இல்லைன்னா 6, 27, 28 மூணும் சேர்ந்தே போயிருக்கும். நடுத்தாள் 15லேருந்து 18 வரைக்கும். பின் அடிக்காத இதழ்ல அதுதான் முதல்ல நழுவி விழும்.

அடுத்து தேதி. அட்டை இல்லாம, பக்கத் தலைப்புல "ஜூன் 12"ன்னு மட்டும் இருக்குன்னு வைங்க. அது ஞாயிறா வர்ற வருஷங்கள் 1983, 1988, 1994, 2005ன்னு வரும். எதுன்னு விளம்பரம்தான் சொல்லும். முகவரியில 600 002ன்னு ஆறு இலக்கம் இருந்தா 1972 ஆகஸ்டுக்குப் பிந்தினது, அப்பதான் பின்கோடு வந்தது. ஆங்கிலத்துல மெட்ராஸ்னு இருந்தா பெரும்பாலும் 1996க்கு முந்தினது. பழைய கொம்பு வச்ச லை, னை இருந்தா உடனே 1978க்கு முன்னாடின்னு முடிவு பண்ணிடாதீங்க. எழுத்துச் சீர்திருத்த ஆணை அந்த வருஷ அக்டோபர்ல வந்தாலும், எல்லா அச்சகமும் அன்னிக்கே மாறல. எந்த வருஷம்னு உறுதியாகலைன்னா கேள்விக்குறி போட்டு எழுதுங்க.

இப்ப பட்டியல். தேதி, பக்கம், தலைப்பு, எழுதினவர், ஓவியர், வகை, தொடர்னா அத்தியாய எண். பெயரை அச்சுல இருக்கிறபடியே எழுதுங்க. புனைபெயர் யாரோடதுன்னு தெரிஞ்சா தனிக் கட்டத்துல போடுங்க, மேலேயே திருத்தாதீங்க. ஓவியர் பெயர் தலைப்புல இருக்காது, படத்தோட மூலையில கையெழுத்தா இருக்கும். ம.செ.ன்னு இருந்தா மணியம் செல்வன். இந்தக் கட்டத்தைத்தான் எல்லாரும் காலியா விடுறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

"தொடர்ச்சி 28ஆம் பக்கம்"னு இருந்தா ரெண்டு வரியா பதியாதீங்க. ஒரே வரியில 9, 28ன்னு போதும். துணுக்கு, சமையல் குறிப்பு, குறுக்கெழுத்து எல்லாத்தையும் சேர்த்துக்கோங்க. குறுக்கெழுத்து விடை அடுத்த இதழ்ல வரும், அதையும் குறிச்சு வைங்க. வாசகர் கடிதத்துல வீட்டு முகவரி முழுசா இருக்கும். பட்டியல்ல ஊர் பெயரோட நிறுத்திக்கோங்க.

ஸ்கேன் பண்ணும்போது தாளுக்குப் பின்னாடி கறுப்பு அட்டை வைங்க, இல்லைன்னா மறுபக்க எழுத்து நிழலா தெரியும். எழுத்துக்கு 400 டிபிஐ போதும். படத்துல புள்ளிகள் அலை அலையா தெரிஞ்சா 600ல எடுத்து அப்புறம் சின்னதாக்குங்க. துருப்பிடிச்ச பின்னைப் பிடிச்சு இழுக்காதீங்க. நடுப்பக்கத்துல அதோட ரெண்டு காலையும் நிமிர்த்திட்டு வெளிப்பக்கமா எடுக்கணும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், அந்தப் பசை சில வருஷத்துல பழுப்பாகி எழுத்தையே மறைச்சிடும். லேமினேஷனும் கூடாது. நியூஸ்பிரிண்ட்ல இருக்கிற அமிலம் உள்ளேயே அடைபட்டு தாள் நொறுங்கும், திரும்பப் பிரிக்கவும் முடியாது.

கோப்புப் பெயர் 1983-06-12-பக்-05ன்னு வருஷத்துல ஆரம்பிக்கட்டும், அப்பதான் வரிசை மாறாது. இல்லாத பக்கத்துக்கும் ஒரு வரி போட்டு "தாள் இல்லை"ன்னு எழுதுங்க. வேற யாராவது அந்தத் தாளை வச்சிருந்தா எது குறையுதுன்னு அவங்களுக்கு உடனே தெரியும்.