தேடினால் கிடைக்கும் நோட்டு

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி, கல்லூரி, தேர்வு எல்லாம் முடிந்த பிறகு, யாரும் மதிப்பெண் போடாத ஒரு படிப்பைத் தாமாகவே தொடங்கி, அதற்காக நோட்டுப் போட்டுக் கையால் எழுதுகிறவர்கள் இந்த அரங்கில் நிறைய பேர் இருக்கிறீர்கள். வானியல் படிப்பவர் இருப்பார், இன்னொரு மொழி கற்பவர் இருப்பார், விட்டுப்போன கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பவர் இருப்பார். பெரும்பாலும் எல்லோர் அலமாரியிலும் நோட்டுகள் அடுக்கியிருக்கும்: பாதி நிரம்பியவை, பத்துப் பக்கத்தோடு நின்றவை, அட்டை அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு எழுத மனம் வராதவை. நோட்டுப் போடுகிறவர்களுக்கு எழுதுவது பெரிய சிக்கல் இல்லை. எழுதியது ஆறு மாதம் கழித்துக் கைக்குக் கிடைக்க வேண்டும், அதுதான் சிக்கல். அதற்கான ஏற்பாட்டைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பெரும்பாலோர் நோட்டுகளைப் பாடவாரியாகப் பிரிக்கிறார்கள். வானியலுக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று. பள்ளியில் அது பொருந்தியது. அங்கே கால அட்டவணை இருந்தது. ஒரு பாடம் வருடத்துக்கு எத்தனை பக்கம் பிடிக்கும் என்பது முன்பே தெரியும். நாமே நடத்திக்கொள்ளும் படிப்பு அப்படி ஓடுவதில்லை. இரண்டு மாதம் ஒன்றிலேயே மூழ்கிக் கிடப்போம், பிறகு அதைத் தொடாமல் ஒரு வருடம் போகும். கடைசியில் ஏழு நோட்டு, ஏழிலும் இருபது பக்கம். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க மாலுமிகள் கடிகாரத்தைப் பயன்படுத்தினார்கள் என்று படிக்கிறோம். இது வரலாற்று நோட்டுக்கா, வானியல் நோட்டுக்கா, இயந்திர நோட்டுக்கா? எதில் எழுதுவது என்று யோசித்து நிற்கும் கை, பல சமயம் எதிலுமே எழுதாமல் போய்விடும்.

எனவே நோட்டுகளை வேலைவாரியாகப் பிரியுங்கள். வணிகர்கள் இதைப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள். 1494-இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூலில், கணக்கு எழுத மூன்று ஏடுகள் சொல்லப்படுகின்றன. நடப்பதை நடந்தபடியே அப்போதைக்கப்போது கிறுக்கி வைக்க ஒன்று, அதைத் தேதி வரிசையில் ஒழுங்காக எழுத ஒன்று, அதிலிருந்து எடுத்துத் தலைப்புவாரியாகப் பதிய ஒன்று. சிட்டை, நாளேடு, பேரேடு என்று நமக்குப் பழகிய பெயர்களிலேயே அவற்றைச் சொல்கிறேன். படிப்புக்கும் இந்த மூன்று போதும்.

சிட்டை சட்டைப்பையில் அடங்க வேண்டும். ஏ6 அளவு, அதாவது 105 × 148 மில்லிமீட்டர். மலிவாக இருப்பது நல்லது. விலை கூடினால் கிறுக்கத் தயங்குவோம். அதில் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் ஏழு நாளுக்குள் நாளேட்டுக்குப் போக வேண்டும், இல்லையேல் அடிக்கப்பட வேண்டும். சிட்டையில் வழக்கமாக நடக்கும் பிழை, அரைகுறையாக எழுதுவது. 'நிலவு 27/29?' என்று எழுதி வைத்தால் மூன்று வாரம் கழித்து எழுதியவருக்கே புரியாது. வினைச்சொல்லோடு முழு வாக்கியமாக எழுதுங்கள். 'நிலவு பூமியைச் சுற்ற 27 நாள் ஆகிறது, ஆனால் அமாவாசைக்கு அமாவாசை 29 நாள், ஏன்?' பத்து விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

நாளேடுதான் உயிர்நாடி. ஏ5 அளவு வசதியானது. படமும் கணக்கும் அதிகம் என்றால் ஏ4. எல்லாப் பாடமும் இதில் தேதி வரிசையில் கலந்தே வரும். ஒரு சமயத்தில் ஒரு நாளேடுதான் நடப்பில் இருக்க வேண்டும். அது நிரம்பிய பிறகே அடுத்தது. எந்த நோட்டில் எழுதுவது என்ற கேள்வியே அப்போது எழாது.

பேரேடு தலைப்புவாரியானது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இன்னொருவருக்கு விளக்க முடியும் என்ற நிலைக்கு வந்தவை மட்டுமே இதில் ஏறும். இதற்குத் தைத்த நோட்டு வேண்டாம், துளையிட்ட தாள்களை வளையக் கோப்பில் போடுங்கள். ஒரு தலைப்பு இரண்டு தாளா இருபது தாளா என்பது முன்கூட்டித் தெரியாது. டார்வின் தம் குறிப்பேடுகளின் பக்கங்களையே வெட்டி எடுத்துத் தலைப்புவாரியான கோப்புகளில் சேர்த்தார். உதிரித்தாள் இருந்தால் கத்தரிக்கோலுக்கு வேலையில்லை.

இனி, தேடி எடுக்கும் வழி. புதிய நாளேட்டைத் திறந்ததும் முதல் வேலை, எல்லாப் பக்கங்களுக்கும் எண் போடுவது. 192 பக்க நோட்டுக்குப் பத்து நிமிடம் போதும். எழுத எழுதப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் நாற்பதாம் பக்கத்தோடு நின்றுவிடும். அட்டையில் நோட்டின் வரிசை எண், தொடங்கிய தேதி. நான்காம் நோட்டின் 23-ஆம் பக்கத்தை இனி எங்கே குறிப்பிட்டாலும் 4-23. விஞ்ஞானி ஃபாரடே தம் ஆய்வுக் குறிப்புகளில் பத்திக்குப் பத்தி தொடர் எண் போட்டார். அந்த எண்கள் 16,000-ஐத் தாண்டிப் போயின. பல ஆண்டுகளுக்கு முந்தைய சோதனையை ஒரு எண்ணைச் சொல்லியே அவரால் சுட்ட முடிந்தது.

எண் மட்டும் போதாது, அகரவரிசைச் சுட்டி வேண்டும். தத்துவ அறிஞர் ஜான் லாக் 1686-இல் ஒரு பிரெஞ்சு இதழில் தம் முறையை வெளியிட்டார். அவர் இறந்த பிறகு 1706-இல் அது ஆங்கிலத்தில் வந்தது. சொல்லின் முதல் எழுத்தையும் அடுத்து வரும் முதல் உயிரையும் பார்த்து, நூறு கட்டங்களில் ஒன்றில் பக்க எண்ணைப் பதிவது அந்த முறை. முழுச் சுட்டியும் இரண்டே பக்கத்தில் அடங்கிவிடும்.

தமிழுக்கு இது இன்னும் எளிது. லாக் இரண்டு எழுத்தைப் பார்த்துச் செய்ததை, நம் உயிர்மெய் ஓர் எழுத்திலேயே தந்துவிடுகிறது. நோட்டின் 2, 3 ஆகிய எதிரெதிர்ப் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுக்கில் ஐந்து பத்திகள்: அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ ஐ, ஒ ஓ ஔ. குறுக்கில் பக்கத்துக்கு ஐந்து வரிசைகள். இடப்பக்கத்தில் உயிரெழுத்து, க, ச, த, ந. வலப்பக்கத்தில் ப, ம, ய, வ. கடைசி வரிசை ஜ, ட, ர, ல போன்ற மற்ற எல்லாவற்றுக்கும். மொத்தம் 50 கட்டங்கள். 'பிறை' என்பது ப வரிசையில் இரண்டாம் கட்டம், 'கோள்' க வரிசையில் ஐந்தாம் கட்டம். ஏ5 தாளில் ஒரு கட்டம் சுமார் 29 × 42 மில்லிமீட்டர் வரும், பொடி எழுத்தில் ஆறு சொற்கள் கொள்ளும். க, ப, ம வரிசைகளின் முதல் கட்டங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், ய வரிசையோ பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். ஆகவே 4, 5 பக்கங்களையும் வழிந்ததை எழுத விட்டு வையுங்கள்.

சுட்டியை எப்போது எழுதுவது? ஒரு பக்கம் முடிந்த அந்த நிமிடமே. மாதக் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று ஒதுக்கினால் நடக்காது. பக்கத்துக்கு இரண்டு சொல், அதிகம் போனால் மூன்று. ஆறு மாதம் கழித்து நீங்கள் எந்தச் சொல்லை வைத்துத் தேடுவீர்களோ அந்தச் சொல். புத்தகத்தின் அத்தியாயத் தலைப்பு வேண்டாம்.

ஒரு பக்கத்தை, 23-ஆம் பக்கம் என்று வைத்துக்கொள்வோம், எழுதிப் பார்ப்போம். நோட்டைத் திறந்தால் வலப்பக்கத்தில் மட்டும் எழுதுகிறோம், இடப்பக்கம் காலி. மேல் மூலையில் தேதி. அதன் கீழ் எந்த நூல், எத்தனையாம் பக்கம். படிக்கத் தொடங்கும் முன்பே நாம் நினைத்துக்கொண்டிருப்பதை எழுத வேண்டும்: 'நிலவு தேய்வது பூமியின் நிழல் அதன்மேல் விழுவதால்.' பலரும் நம்புவது இதுதான். படித்த பிறகு அதன்மேல் ஒற்றைக் கோடு. அழிக்கவோ வெள்ளை பூசவோ வேண்டாம். தவறு படிக்கும்படி இருக்க வேண்டும். கீழே சரியானது: 'பூமியின் நிழல் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும். நிலவில் பாதி எப்போதும் ஒளியில் இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே பிறை.' அடுத்து படம். சூரியன், பூமி, நிலவின் எட்டு நிலைகள். படம் அழகாக வர வேண்டியதில்லை. ஆனால் நூலைப் பார்த்து வரையக் கூடாது; மூடிவிட்டு வரைந்தால்தான் எங்கே புரியவில்லை என்பது தெரியும்.

பிறகு சிட்டையில் இருந்த அந்தக் கேள்வி. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் நிலவு ஒரு சுற்று முடிக்க 27.3 நாள், அமாவாசைக்கு அமாவாசை 29.5 நாள். இந்த 2.2 நாள் எங்கிருந்து வந்தது? பென்சிலை எடுத்தால் விடை கிடைத்துவிடும். 27.3 நாளில் பூமியும் சூரியனைச் சுற்றி 27 பாகை நகர்ந்திருக்கிறது. நிலவு ஒரு நாளில் சுமார் 13 பாகை போகும். அந்த 27 பாகையைப் பிடிக்க இரண்டு நாள். அதற்குள் பூமி இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் மேலும் சில மணி நேரம். இந்தக் கணக்கு முழுவதையும் வரிவரியாக நோட்டில் விட்டு வையுங்கள். '2.2 நாள் கூடுதல்' என்று முடிவை மட்டும் எழுதி வைப்பவர், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ராமானுஜன் காகிதச் செலவை எண்ணி வழியைக் கற்பலகையில் போட்டு அழித்துவிட்டு, முடிவுகளையே பெரும்பாலும் நோட்டில் ஏற்றினார். அந்த முடிவுகளை நிறுவி விளக்கும் பணி கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட்டின் பதிப்பில் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக விரிந்தது. நமக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை.

காலியாக விட்ட இடப்பக்கத்துக்கு இப்போது வேலை வருகிறது. மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று மூன்று முறை இந்தப் பக்கத்துக்குத் திரும்புங்கள். திரும்பி வந்து படிக்கக் கூடாது. வலப்பக்கத்தைத் தாளால் மூடிவிட்டு, நினைவிலிருப்பதை இடப்பக்கத்தில் எழுதி, பிறகு திறந்து ஒப்பிட வேண்டும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தினார்கள். படிக்கும்போது 'எல்லாம் தெரிந்ததுதானே' என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிட பலத்தினால்தான். அதை நம்பாதீர்கள். இடப்பக்கத்தில் புதிய கேள்விகளும் வந்து சேரும். பௌர்ணமிதோறும் கிரகணம் வருவதில்லையே, ஏன்? நிலவின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது என்பதைப் பின்னால் 61-ஆம் பக்கத்தில் எழுதுவீர்கள். உடனே இங்கே 'பார்க்க: 61' என்றும், அங்கே 'பார்க்க: 23' என்றும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பாதி வழிதான்.

கையால் எழுதுவதே உயர்ந்தது, கணினியில் எழுதுவது வீண் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் சொல்லுக்குச் சொல் அப்படியே ஏற்றினார்கள், கருத்தை விளக்கும் கேள்விகளில் பின்தங்கினார்கள் என்றது அது. 2019-இல் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. என் கணிப்பு இது: பேச்சின் வேகத்துக்குக் கை ஓடாததால், எதை எழுதுவது, எதை விடுவது என்று நாம் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது. பலன் அந்தத் தேர்வில் இருக்கிறது. நூலை முன்னால் வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் பார்த்து எழுதுகிறவருக்குக் கை வலிக்கும், வேறொன்றும் கிடைக்காது. ஒரு பக்கம் படித்து முடித்து, நூலை மூடி, ஐந்து வரிக்குள் எழுதுங்கள்.

மொழியோ கணக்கோ கற்பவர்கள் நான்காவதாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம், பிழை நோட்டு. நான்கு பத்திகள்: தேதி, எழுதிய தவறு, சரியானது, ஏன் தவறினோம். நான்காவது பத்தியில் 'கவனக்குறைவு' என்று எழுதுவதைத் தடை செய்துகொள்ளுங்கள். அது காரணமே ஆகாது. ஒரே பிழை மூன்றாம் முறை வந்தால், அந்தப் பாடத்தை அடியிலிருந்து படிக்க வேண்டும் என்று பொருள்.

காகிதம், பேனா பற்றிச் சுருக்கமாக. மை பேனா என்றால் 80 ஜிஎஸ்எம்-க்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத தாள்; அதற்குக் கீழே போனால் மை பின்பக்கம் ஊறும். பால்பாயிண்ட் பேனாவுக்கு 70 போதும். நோட்டின் முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் மடித்த கற்றைகளாகவும், கற்றையின் நடுவே நூலும் தெரிந்தால் தையல். அது தட்டையாக விரியும், நாளேட்டுக்கு ஏற்றது. வெறும் பசையில் ஒட்டியது அழுத்தி விரித்தால் தாள் தாளாகக் கழன்று வரும். ஸ்பைரல் நோட்டின் இடப்பக்கத்தில் எழுதும்போது கம்பி கையை இடிக்கும். இடப்பக்கத்தை இவ்வளவு நம்பும் முறைக்கு அது சரிவராது. கடைசிப் பக்கத்தில் உங்கள் பேனாக்களால் ஒவ்வொரு வரி எழுதி, ஒரு நாள் கழித்து ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். எது கரைகிறதோ அது நாளேட்டுக்கு வேண்டாம். அழித்தெழுதும் வகை ஜெல் பேனாவை அறவே தவிர்க்க வேண்டும். அதன் மை சுமார் 60 பாகை செல்சியஸ் சூட்டில் நிறமிழந்துவிடும். வெயிலில் நின்ற காரில் நோட்டை விட்டால் பக்கங்கள் வெள்ளையாகிவிடக்கூடும்.

ஏற்கெனவே பதினைந்து இருபது நோட்டு சேர்ந்துவிட்டவர்கள், அவற்றைத் திருத்தி எழுதும் வேலையில் இறங்காதீர்கள். முடியவே முடியாது, நடப்புப் படிப்பும் நின்றுபோகும். பழையவற்றுக்குத் தொடங்கிய தேதி வரிசையில் எண் கொடுங்கள், தேதி தெரியாவிட்டால் உத்தேசமாக. நோட்டுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிப் புரட்டி, இன்றும் பயன்படும் பக்கங்களுக்கு மட்டும் எண் போட்டு, எல்லா நோட்டுக்கும் பொதுவான ஒரு தனிச் சுட்டி நோட்டில் பதியுங்கள். மேலே சொன்ன அதே 50 கட்டம், ஆனால் கட்டத்துக்கு ஒரு முழுப் பக்கம். புது நாளேடு ஒவ்வொன்றும் முடியும்போது அதன் சுட்டியும் இதில் ஏறும். வலப்பக்கத்தில் மட்டும் எழுதினால் 192 பக்க நோட்டில் கிடைப்பது 96, தொடக்கப் பக்கங்கள் போக 90-க்குச் சற்று மேல்; நாளுக்கு ஒரு பக்கம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த வேலை வரும்.

நோட்டு தொலையும், நனையும். நிரம்பியதும் செல்பேசியில் எல்லாப் பக்கங்களையும் விரிந்த நிலையில், பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து படமெடுங்கள். ஒரு நோட்டுக்கு 97 படங்கள், அரை மணி நேர வேலை. சுட்டிப் பக்கங்களை முதலில் எடுங்கள். கோப்புறைக்கு நோட்டின் எண்ணையே பெயராக வையுங்கள். அப்போது சுட்டியில் 4-23 என்று கண்டால், நோட்டு கைவசம் இல்லாத இடத்திலும் நான்காம் கோப்புறையைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடலாம்.

நன்றி. வணக்கம்.