ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு ஆள்

(பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு எல்லையில், ஒரு தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை ஆசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் (பி.டி.ஏ.) பெரியவர்களே, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சிநேகிதர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நோட்டீசில் ஒரு பக்கம் 'வார்ஷிகமும் யாத்ரயயப்பும்' என்று மலையாளத்தில் இருக்கிறது. மறுபக்கம் 'ஆண்டு விழாவும் பிரிவுபசாரமும்' என்று தமிழில் இருக்கிறது. இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறும் பிசிக்கல் சயன்ஸ் சாரைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். பேசுகிறேன். ஆனால் அவரை மட்டும் தனியாக எடுத்துப் பேச எனக்கு வரவில்லை. நம்முடையது சின்னப் பள்ளி. எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்றே வகுப்பு, வகுப்புக்கு ஒரே டிவிஷன். டவுனில் இருக்கும் பெரிய பள்ளியில் கணக்குக்கு மட்டும் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் வருவார். இங்கே கணக்கு என்றால் ஒரு டீச்சர். ஹிந்தி என்றால் ஒரு டீச்சர். அந்த ஆள் வரவில்லை என்றால் அந்தப் பாடமே அன்றைக்குப் பள்ளிக்கு வரவில்லை என்று அர்த்தம்.

நான் 1997-ல் இங்கே எட்டாம் வகுப்பில் சேர்ந்தேன். முதலில் கணக்கு டீச்சரைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் தண்ணீரைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. ஆழியாறிலிருந்து தண்ணீர் விட்டார்களா, மூலத்தரைக்கு வந்ததா, வாய்க்காலில் இறங்கியதா என்று அப்பா தினமும் யாரையாவது கேட்டுக்கொண்டிருப்பார். தமிழ்நாடும் கேரளாவும் செய்துகொண்ட பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் பகுதிக்குக் கிடைக்க வேண்டும். 1970-ல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. இந்த எண் எங்கள் ஊரில் கைநாட்டு வைக்கும் கிழவருக்கும் தெரியும். ஆனால் 7.25 டி.எம்.சி. என்றால் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

ஒரு நாள் டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதினார். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அப்படியானால் 7.25 டி.எம்.சி. என்பது 725 கோடி கன அடி. வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு 86,400 வினாடி. "வகுங்கள்" என்றார். கால்குலேட்டர் கிடையாது. வகுப்பே குனிந்து வகுத்தது. வினாடிக்கு ஏறக்குறைய 230 கன அடி என்று வந்தது. "வருஷம் முழுக்க ஒரே சீராக விட்டால் இவ்வளவு. உங்கள் அப்பாவுக்கு வருஷம் முழுக்க ஒரே சீராகவா தண்ணீர் வேண்டும்? நாற்று நடும்போது எவ்வளவு, அறுப்புக்கு முன்னால் எவ்வளவு?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் இன்றைக்கு நீர்ப்பாசனத்தில் ஓவர்சியராக இருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீரின் உயரம் பார்த்து எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. அந்த 230-ஐ எங்கே முதலில் பார்த்தேன் என்று யாராவது கேட்டால் இந்தக் கட்டடத்தைத்தான் காட்டுவேன்.

சமூக அறிவியல் சார்தான் எங்களுக்கு ஆங்கிலமும் எடுத்தார். ஆங்கிலத்துக்குத் தனி ஆள் இல்லை. ஆங்கிலத்தை அவர் கடமைக்கு எடுத்தார் என்பதை அவரே இங்கே இருந்தால் ஒப்புக்கொள்வார். ஆனால் புவியியல் வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். ஒருமுறை வீட்டுத் தோட்டத்து மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வரச் சொன்னார். கிழக்கே இருக்கிற பிள்ளைகள் கொண்டுவந்தது கரிசல். மேற்கே இருந்து வருகிறவர்கள் கொண்டுவந்தது சிவப்பு. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "கேரளாவில் கரிசல் மண் இருப்பது இந்த சித்தூர் தாலுகாவில்தான். அதனால்தான் இங்கே கடலை விளைகிறது" என்றார். ஜன்னலைத் திறந்துவிட்டுக் காற்றைக் காட்டினார். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் மலையே இல்லாத வாசல். அந்த வாசற்படியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாலக்காட்டுக் கணவாய் என்று புத்தகத்தில் ஒரு வரிதான் இருக்கும். எங்களுக்கு அது ஆடி மாதம் கூரை ஓட்டைத் தூக்குகிற காற்று.

1956-ஐயும் அவர்தான் சொன்னார். பாலக்காடு மலபார் மாவட்டத்தில், அதாவது மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. சித்தூர் முதலில் கொச்சி ராஜாவின் கையிலும், 1949-லிருந்து திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலும் இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், வேறு வேறு அரசாங்கம். நவம்பர் 1-ஆம் தேதி எல்லாம் ஒரே கேரளாவாக ஆனது. நாம் எங்கேயும் குடிபெயர்ந்து வரவில்லை, கோடுதான் நம்மைத் தாண்டிப் போனது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை தமிழ் பேசுகிறவள் என்று இளக்காரமாக 'பாண்டிக்காரி' என்று யாராவது பஸ்ஸில் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வேன். அதற்கப்புறம் குனிந்ததில்லை.

தமிழ் ஐயா கலோத்சவத்துக்கு எங்களைத் தயார் செய்வார். தமிழ்ப் பத்யம் (செய்யுள்) சொல்லல், தமிழ்ப் பிரசங்கம் என்று கேரள அரசின் பள்ளிக் கலைவிழாவிலேயே தமிழுக்குப் போட்டி இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் என் சித்தி பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பதிற்றுப்பத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது சேரநாடு என்று அவர் காலுக்குக் கீழே கையைக் காட்டுவார். உயிரியல் டீச்சர் தவளையை அறுக்காமல், வேப்பிலையையும் செம்பருத்தியையும் வைத்தே வருஷத்தை ஓட்டிவிட்டார். ஓவியத்துக்கும் விளையாட்டுக்கும் ஆள் கிடையாது. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாக ஞாபகம் இல்லை.

ஹிந்தி டீச்சர் திருச்சூரிலிருந்து வந்தவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்களுக்கு அப்போது மலையாளம் காதில் விழும், வாயில் வராது. அவர் ஹிந்தி வாக்கியத்தைப் படித்து மலையாளத்தில் அர்த்தம் சொல்வார். நாங்கள் அதைத் தமிழில் எழுதிக்கொள்வோம். மூன்று வருஷத்தில் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு ஹிந்தி வந்தது. ஆனால் நல்ல மலையாளம் வந்தது. இன்று என் ஆபீசில் ஃபைல் எழுதும் மலையாளம் அந்த ஹிந்தி வகுப்பில் கற்றதுதான். டீச்சருக்கு இதை நான் சொல்லவே இல்லை. அவர் போன பிறகுதான் எனக்கே இது புரிந்தது.

இப்போது பிசிக்கல் சயன்ஸ் சார்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது அந்தப் பணியிடம் காலியாக இருந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று ஓணப் பரீட்சை வரைக்கும் பௌதிகமும் இல்லை, வேதியியலும் இல்லை. பரீட்சைத் தாள் மட்டும் சரியாக வந்துவிட்டது. நாங்கள் எழுதினோம். என்ன எழுதியிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் ஒரு பாடத்தில் தோற்றால் அது பிள்ளைகளின் தோல்வி இல்லை. இதை அன்றைக்குச் சொல்ல எனக்கு வயது இல்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

ஓணம் லீவு முடிந்து சார் வந்தார். வள்ளுவநாட்டுக்காரர், 28 வயது. பார்த்தால் எங்கள் அண்ணன் மாதிரி இருப்பார். அவருக்கும் தமிழ் தெரியாது. முதல் நாள் போர்டில் ஒரு சமன்பாடு எழுதிவிட்டு வாயால் சொன்னார்: "பலம் சமம் பிண்டம் பெருக்கல் த்வரணம்." எங்கள் புத்தகத்தில் இருப்பது விசை, நிறை, முடுக்கம். பலம் என்றால் எங்களுக்கு உடம்பில் இருக்கிற தெம்பு. பிண்டம் என்றால் திதிக்கு ஆற்றங்கரையில் வைப்பது. ஒரு பையன் எழுந்து, "சார், பிண்டத்தை எதுக்கு சார் பெருக்கணும்?" என்று நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம்தான்.

சார் அன்று சாயங்காலம் எங்களில் நான்கு பேரை நிறுத்தி வைத்தார். ஒரு நீள நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் மலையாளம், வலப்பக்கம் தமிழ். பலம் - விசை. மர்த்தம் - அழுத்தம். ஊர்ஜம் - ஆற்றல். ரசதந்திரம் - வேதியியல். தமிழ் எழுத்தை அவருக்கு நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். "மலையாளத்தில் க வரிசையில் நான்கு எழுத்து இருக்கிறதே, உங்களுக்கு ஒரே ஒரு க எப்படிப் போதும்?" என்று அவர் கேட்டதற்குத் தமிழ் ஐயாதான் வந்து பதில் சொன்னார். கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு முன்னால் சார் போர்டில் தமிழில் எழுத ஆரம்பித்துவிட்டார். ழ மட்டும் அவர் கை அழகாக எழுதும்.

அவர் தமிழ் கற்றுக்கொள்ளும் வரைக்கும் எங்களுக்கு நான்கு மாதம் போனது. மனசு இருந்தவர், கற்றுக்கொண்டார். எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. தமிழ் மீடியம் பணியிடத்துக்குத் தமிழில் பாடம் எடுக்கத் தெரிந்தவர் வர வேண்டும். நமக்குப் புத்தகத்தை மாநிலப் பாடநூல்களைத் தயாரிக்கும் எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழில் தயாரித்துத் தருகிறது. எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாள் தமிழில் வருகிறது. தமிழர்களும் கன்னடர்களும் அரசாங்கத்துக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்திலேயே கேரளம் எழுதி வைத்திருக்கிறது. இத்தனையும் செய்த பிறகு புத்தகத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்கிற ஆள் மட்டும் தமிழ் தெரியாதவராக இருந்தால் மற்றதெல்லாம் எதற்கு? அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு தாய்மொழிக் கல்வியைத் தொடக்க நிலைக்குத்தான் சொல்கிறது. உயர்நிலைப் பள்ளியில் நமக்குத் துணை இந்தப் பணியிடங்கள்தான். ஒரு பணியிடம் போனால் ஒரு பாடம் போகும்.

பணியிடம் எப்படிப் போகும் என்று பெற்றோர்களுக்குத் தெரிய வேண்டும். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அன்றைய கணக்கை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். ஏழாவது நாள் பத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தாலும் அந்தக் கணக்கில் வராது. ஏப்ரல், மே வெயிலில் நம் ஆசிரியர்கள் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக வருவது இதற்காகத்தான். அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு மோர் கொடுங்கள்.

போன வாரம் சாரைப் பார்த்து, "அந்த நோட்டு என்ன ஆச்சு சார்?" என்று கேட்டேன். ஸ்டாஃப் ரூம் அலமாரியைத் திறந்து காட்டினார். ஒரு நோட்டு இப்போது மூன்று நோட்டாக ஆகியிருக்கிறது. முதல் பக்கத்தில் என் பதினாலு வயதுக் கையெழுத்தில் 'விசை' என்று இருக்கிறது. நடுவில் இரண்டு முறை வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனபோதும் அதைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். "வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை மோளே, அடுத்து வருகிற ஆளுக்கு இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அடுத்து வருவது யார் என்று இன்னும் உத்தரவு வரவில்லை. பி.டி.ஏ. சார்பில் மனு எழுதி வைத்திருக்கிறோம், தமிழில். வெளியே வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகும் முன் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.