இரண்டாவது ஓட்டுநர் எங்கே?

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டித் திருவொற்றியூரில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களே, லாரி உரிமையாளர் சங்கப் பெரியவர்களே, ஓட்டுநர் தோழர்களே, சுண்டல் வாசனை வந்த பிறகும் எழுந்து போகாத தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய உறுப்பினர் அவர்கள் இன்றைக்கு இன்னும் பல விழாக்களுக்குப் போக வேண்டியவர். முதலில் இங்கே வந்திருக்கிறார். நாங்கள் கேட்ட தெருவிளக்குகளைப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவனாவேன். எரியாத விளக்குகளைப் பற்றி மேடையில் பேசுவது மரியாதையில்லை. ஆய்வாளர் அவர்கள் பந்தோபஸ்துப் பணிக்கு நடுவே வந்திருக்கிறார். அவருக்கும் தூக்கம் போதாது என்பது அவர் கண்ணிலேயே தெரிகிறது.

மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, ஓட்டுநரின் வேலை நேரச் சட்டம். இரண்டு, இரண்டாவது ஓட்டுநர். மூன்று, எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டுநருக்குக் குளிக்கவும் படுக்கவும் ஓர் இடம்.

சட்டம் நமக்குப் புதிதல்ல. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. 5 மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு, இரண்டு நாள் வேலைக்கு நடுவே தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு என்றும் எழுதிவைத்தது. ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். நம் லாரிகளோ பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களுடையவை. அந்த ஓட்டையை அடைப்பது போல 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனம் ஓட்டுகிற எவருக்கும் அதே நேரம்தான் என்றது. பிறகு 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் பழைய சட்டத்தையும் சேர்த்துவிட்டார்கள். எல்லாம் சரி. கணக்குப் பார்ப்பது யார்? அமெரிக்காவில் லாரி ஓட்டுநர் ஒருவர் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அதையும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சரக்கு ஏற்றக் காத்துக் கிடந்த நேரமும் அந்தப் பதினாலில் ஓடிக்கொண்டே இருக்கும். 2017 டிசம்பர் முதல் இந்தக் கணக்கை எழுதுவது எஞ்சினோடு இணைத்த கருவி. நம் ஊரில் நடைக்கு இவ்வளவு, படி இவ்வளவு என்று கூலி. துறைமுக வாசலுக்குப் போகிற கண்டெய்னர் வரிசையில் இரவெல்லாம் முதல் கியரில் நகர்கிறவர் வேலை செய்கிறாரா, ஓய்வெடுக்கிறாரா? கண்ணை மூடினால் பின்னால் நிற்பவர் முந்திவிடுவார். விடிந்ததும் உள்ளே போய்ப் பெட்டியை இறக்கிவிட்டு, அடுத்த நடைக்குக் கிளம்புகிறார்.

எங்கள் பெரியப்பா அடிக்கடி சொல்வார்: பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது. அவர் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் லாரி ஓட்டியவர். கூட ஓட்டியவர் ஒரு சங்ககிரிக்காரர். இருவரும் காசு போட்டுக் கல்கத்தாவில் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினார்கள். வாங்கிய அன்றே சண்டை, யார் வீட்டில் வைப்பதென்று. கடைசியில் ரேடியோ பெரியப்பாவிடம், பேட்டரி சங்ககிரிக்காரர் சட்டைப்பையில். இரண்டும் சேராததால் இருவருக்கும் பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. எல்லாம் கிளீனர் பையன் வழியாகத்தான். ஒரே தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு, "உப்பு வேண்டுமா என்று அவரைக் கேள்" என்பாராம் பெரியப்பா.

(சிரிப்பு.)

சிரியுங்கள், கதை இனிமேல்தான். சணல் சாக்கு ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். ஓங்கோல் தாண்டி, விடியற்காலை மூன்று மணி இருக்கும். சங்ககிரிக்காரர் ஓட்டுகிறார். பெரியப்பா பின்பலகையில் தூங்குகிறார். சக்கரத்தின் சத்தம் மாறுகிறது. தார் சத்தம் போய்ச் சரளைக்கல் சத்தம். பழகிய ஓட்டுநருக்குத் தூக்கத்திலும் அது கேட்கும். எழுந்து, தோளுக்கு மேலே கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து வளைத்தார். வண்டி ஒரு பனைமரத்தை உரசிக்கொண்டு நின்றது. கண்ணாடி ஒன்று போயிற்று. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. கிளீனர் பையன் எழுந்திருக்கவே இல்லை. "இறங்கு, நான் ஓட்டுகிறேன்" என்றார் பெரியப்பா. மாதக்கணக்கில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். நெல்லூரில் தேநீர்க் கடையில் சங்ககிரிக்காரர் சட்டைப்பையிலிருந்து பேட்டரிகளை எடுத்து மேசைமேல் வைத்தாராம்.

பேட்டரியை விடுங்கள். அன்று அந்தப் பலகையில் ஓர் ஆள் இல்லையென்றால்? மாநிலம் விட்டு மாநிலம் ஓடுகிற தேசிய பெர்மிட் லாரியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், மாற்று ஓட்டுநர் நீட்டிப் படுக்க இருக்கை வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருந்தது. 2018 நவம்பரில் ஓர் ஆள் போதும் என்று மாற்றிவிட்டார்கள். அதே திருத்தத்தில் ஃபாஸ்டேக்கும், வண்டி போகும் இடம் காட்டும் கருவியும் கட்டாயமாயின. வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி செய்தவர்கள், ஓட்டுகிறவர் எப்போது தூங்கினார் என்று கேட்கவில்லை.

உரிமையாளர் சங்கப் பெரியவர் ஒருவர் இப்போதுதான் என் காதில் சொன்னார்: "ஐயா, டீசல் விலையில் இரண்டு சம்பளம் கட்டாது. புது வண்டியில் ஏசி, மெத்தை எல்லாம் வந்துவிட்டதே." அவர் கஷ்டம் எனக்குத் தெரியும், வாடகையைக் கூட்டிக் கேளுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன். ஆனால் மெத்தை பதில் ஆகாது. நித்திரை சுகம் அறியாது ஐயா! மெத்தை இல்லாமலும் அது வரும், ஸ்டியரிங் மேலேயும் வரும். அது வரும்போது சக்கரத்தைப் பிடிக்க வேறொரு கை வேண்டும்.

17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருடைய கவனத்தின் அளவுக்குத் தளர்கிறது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நம் சட்டத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வழக்கு. ஆய்வாளர் கையில் ஊதச் சொல்லும் கருவி இருக்கிறது. தூக்கத்தை எதில் ஊதுவது? 2022-இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் தமிழ்நாட்டில், 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். இதில் தூங்கியதால் எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. பல இடங்களில் சொல்ல வேண்டியவரும் உயிரோடு இல்லை.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது செய்தி அடுத்த கூட்டத்துக்கு. வாசலில் மேசை போட்டு மனுவை வைத்திருக்கிறோம்: 2018-இல் நீக்கிய இரண்டாவது ஓட்டுநர் விதியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு. ஓட்டுநர்கள் பெயருக்குப் பக்கத்தில் உரிம எண்ணையும் எழுதுங்கள். ஆய்வாளர் அவர்களைக் கையெழுத்துக் கேட்க மாட்டேன். உரிமையாளர் சங்கத்தாருக்குத் தனித் தாள் வைத்திருக்கிறேன். அதில் வாடகை உயர்வும் சேர்ந்தே இருக்கிறது. பேனா கட்டியிருக்கிறது, யாரும் எடுத்துப் போக வேண்டாம். நன்றி, வணக்கம்.