சர்ச்சிலைக் கவிழ்த்த சணல் ஊர்

(திரையில்: டே ஆற்றங்கரை, சணல் ஆலைகளின் புகைபோக்கிகள், 1922)

1922 நவம்பர். ஸ்காட்லாந்தோட கிழக்குக் கரையில டண்டீன்னு ஒரு சணல் ஆலை ஊர். அங்க 14 வருஷமா எம்.பி.யா இருந்தவர் தேர்தல்ல தோக்கறாரு, அதுவும் நாலாவது இடம். முதல்ல வந்தவருக்கு 32,578 ஓட்டு, இவருக்கு 20,466. இவர் பேரு வின்ஸ்டன் சர்ச்சில்.

ஜெயிச்ச எட்வின் ஸ்கிரிம்ஜர், மதுவிலக்குக் கட்சிக்காரர். பிரிட்டிஷ் பார்லிமென்ட்டுக்கு மதுவிலக்குன்னு சொல்லியே ஜெயிச்சுப் போன ஒரே ஆள். விஸ்கி கிளாஸ் இல்லாத சர்ச்சிலை நம்மால கற்பனைகூடப் பண்ண முடியாது; அவரைப் போய் இவர் கவிழ்த்திருக்காரு! பல பேர் இந்தக் கதையை இங்கயே சிரிச்சு முடிச்சிடுவாங்க. நான் சொல்ல வந்தது வேற. ஸ்காட்லாந்துல நடந்த இந்தத் தோல்விக்குள்ள அயர்லாந்து ஒளிஞ்சிருக்கு.

(திரையில்: டப்ளின், ஃபீனிக்ஸ் பூங்கா)

கொஞ்சம் பின்னாடி போவோம். சர்ச்சிலோட முதல் ஞாபகங்களே டப்ளின்தான். 1877ல அவரோட தாத்தா அயர்லாந்துக்கு வைஸ்ராயா போனாரு. ஆமா, இந்தியாவுக்கு மாதிரியே அயர்லாந்துக்கும் வைஸ்ராய் உண்டு. குட்டி வின்ஸ்டனோட ஆயாவுக்கு ஃபீனியன்கள்னா, அதாவது அயர்லாந்து விடுதலைக்கு ஆயுதம் எடுத்தவங்கன்னா, ஒரே பயம். ஒருநாள் பையன் கழுதை சவாரி போறப்போ தூரத்துல கறுப்பா ஒரு கூட்டம் வருது. அனேகமா அது பிரிட்டிஷ் பட்டாளமாவே இருந்திருக்கும். ஃபீனியன்னு நினைச்சு எல்லாரும் பதற, கழுதை மிரண்டு உதைக்க, பையன் விழுந்து மண்டையில அடி. அயர்லாந்து அரசியலோட தனக்கு முதல் அறிமுகம் அதுதான்னு பின்னாளில் அவரே எழுதினாரு.

அப்பா ராண்டால்ஃப் சர்ச்சில், அயர்லாந்துக்குத் தன்னாட்சியே கூடாதுன்னு 1886ல பெல்ஃபாஸ்ட்ல போய் அல்ஸ்டர்காரங்களை, அதாவது வட அயர்லாந்துக்காரங்களை, உசுப்பிவிட்டவர். மகன் 1912ல அதே ஊருக்கு, தன்னாட்சி வேணும்னு பேசப் போறாரு. அப்பா பேசின அதே மண்டபத்தைக் கேட்டா, கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. வழியில ஆத்திரக் கூட்டம் காரையே கவிழ்க்கப் பார்த்துச்சு. உள்ள கர்ப்பிணி மனைவி கிளமென்டைன். கடைசியில செல்டிக் பார்க் கால்பந்து மைதானத்துல பேசிட்டு வந்தாரு.

இந்த நிலைப்பாடுதான் டண்டீயில அவருக்கு ஓட்டு. ஏன்னா டண்டீ பாதி அயர்லாந்து மாதிரி. வங்காளத்துல இருந்து சணல் வந்தது, பஞ்சத்துல அடிபட்ட அயர்லாந்துல இருந்து ஆளுங்க வந்தாங்க. லாக்கிங்கிற பகுதிக்கு 'குட்டி டிப்பரேரி'ன்னே பேரு. 1908ல மான்செஸ்டர்ல தோத்த கையோட சர்ச்சில் டண்டீக்கு வந்து ஜெயிச்சாரு. அதே வருஷம் கல்யாணம். கிளமென்டைனோட அம்மா வழி தாத்தா அந்தப் பக்கத்து ஏர்லி பிரபு. 1916ல போர்முனையில சர்ச்சில் தலைமை தாங்கினதும் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ்ங்கிற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுதான். தொகுதி, மனைவி, பட்டாளம் மூணுமே ஸ்காட்லாந்து கொடுத்தது!

(திரையில்: எரிந்துபோன கார்க் நகரம், 1920 டிசம்பர்)

அப்புறம் 1920. அயர்லாந்துல பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா கொரில்லா போர். சர்ச்சில் இப்போ போர்த்துறை அமைச்சர். முதல் உலகப் போர் முடிஞ்சு வேலையில்லாம இருந்த சிப்பாய்களைப் போலீஸ்ல சேர்த்து அங்க இறக்கறாங்க. காக்கி பாதி, கறுப்பு மாதிரி தெரியற கரும்பச்சை பாதி உடுப்பு. அதனால 'பிளாக் அண்ட் டேன்ஸ்'னு பேரு. கூடவே முன்னாள் அதிகாரிகளை வெச்சு 'ஆக்ஸிலரி'ன்னு இன்னொரு படை. அது சர்ச்சிலோட யோசனை. கார்க் நகரத்தோட நடுப்பகுதியைக் கொளுத்தினது இந்த ஆக்ஸிலரிகள்தான்.

அவரை வெறும் வில்லனா காட்டறதும் சரியில்ல. அடுத்த வருஷமே அமைதி ஒப்பந்தம் பேசினவங்கள்ல அவரும் ஒருத்தர். 'என் தலைக்கு விலை வெச்சீங்களே'ன்னு அயர்லாந்து தரப்புத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் கோபப்பட்டப்போ, தென்னாப்பிரிக்காவுல நடந்த போயர் போர்ல தன் தலைக்கு அறிவிச்ச 25 பவுண்டு நோட்டீஸைக் காட்டி, உங்களுக்காவது நல்ல விலைன்னு சிரிக்க வெச்சாரு. சாகறதுக்கு முன்னாடி காலின்ஸ், வின்ஸ்டன் இல்லாம நம்மால எதுவும் செஞ்சிருக்க முடியாதுன்னு சொல்லி அனுப்பினாரு.

ஆனா லாக்கி ஆலைத் தொழிலாளிக்கு ஞாபகம் இருந்தது, சொந்த அயர்லாந்து மேல ஏவிவிட்ட பிளாக் அண்ட் டேன்ஸ். 1922ல அந்த ஓட்டு கைவிட்டுப் போச்சு. வறுமை, லேபர் கட்சியோட வளர்ச்சி, உள்ளூர்ப் பத்திரிகைச் சண்டை, எல்லாம் சேர்ந்துச்சு. குடல்வால் ஆபரேஷன் முடிஞ்சு நாற்காலியில தூக்கிட்டு வந்து மேடையில உட்கார வெச்ச மனுஷனைப் பேசவே விடல. பதவி போச்சு, தொகுதி போச்சு, கட்சி போச்சு, குடல்வாலும் போச்சுன்னு அவரே சொல்லிச் சிரிச்சாரு.

(திரையில்: டண்டீ நகர மன்றம், 1943)

1943. நாட்டையே காப்பாத்தின பிரதமர்னு ஊரெல்லாம் பேரு. சரி, நகர கௌரவக் குடியுரிமை கொடுப்போம்னு டண்டீ நகர மன்றத்துல தீர்மானம். ஆதரவு 16, எதிர்ப்பு 15. சர்ச்சில் வேண்டாம்னுட்டாரு. ஏன்னு கேட்டு மறுபடி எழுதினாங்க. ஏற்கெனவே அனுப்பின பதிலோட சேர்க்க எதுவும் இல்லைன்னு ஒரு வரி வந்துச்சு.