தங்கை கல்யாணமும் 1099-சி படிவமும்

வணக்கம் நண்பர்களே. பின்னால் கேட்கும் சத்தத்தைப் பொருட்படுத்தாதீர்கள், பக்கத்து வீட்டில் புல் வெட்டுகிறார்கள்.

இன்றைக்கு என் சொந்தக் கதை: தள்ளுபடியான கடனுக்கு அமெரிக்காவில் எனக்கு எப்படி வரி வந்தது என்று. 2006-ல் நியூ ஜெர்சி எடிசனில் வீடு வாங்கினோம். விலை உச்சத்தில் இருந்த நேரம். 2011-ல் எனக்கு வேலை போனது. அப்போது அடமானக் கடன் 4,20,000 டாலர் பாக்கி, வீடு விலை போனதோ 3,10,000-க்கு. ஷார்ட் சேலுக்கு, அதாவது கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்பதற்கு, கடன் கொடுத்த பேங்க் சம்மதித்து, மீதி 1,10,000-ஐத் தள்ளுபடி செய்து கடிதமும் கொடுத்தது. அன்று ராத்திரி வீட்டில் பாயசம் வைத்தோம்.

ஜனவரியில் தபாலில் 1099-சி, அதாவது தள்ளுபடியான கடனைக் காட்டும் படிவம் வந்தது. இரண்டாம் கட்டத்தில் 1,10,000 என்று போட்டிருந்தது. அந்தப் படிவத்தின் ஒரு நகல் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கும் போகும். 600 டாலரோ அதற்கு மேலோ தள்ளுபடி செய்தால் பேங்க் இதை அனுப்பியாக வேண்டும்.

"கையில் ஒரு காசு வரவில்லையே, இதற்கு எதற்கு வரி?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். கடன் வாங்கும்போது அந்தப் பணத்துக்கு யாரும் வரி கேட்பதில்லை, திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்பதால். கொடுக்க வேண்டாம் என்று ஆகிவிட்டால் அந்தக் காரணம் போய்விடுகிறது. 1923-ல் கிர்பி லம்பர் என்ற கம்பெனி தன் கடன் பத்திரங்களையே குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கி, சுமார் 1,37,000 டாலர் மிச்சம் பிடித்தது. அது வருமானம்தான் என்று 1931-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரக் கம்பெனிக்குச் சொன்ன நியாயம் எண்பது வருஷம் கழித்து என் வீட்டுக் கதவைத் தட்டியது.

எங்களுக்கு ஒரு கதவு திறந்திருந்தது. வீட்டுச் சந்தை சரிந்த சமயம், 2007 டிசம்பரில் புஷ் கையெழுத்திட்ட சட்டம். குடியிருக்கும் வீட்டின் கடன் தள்ளுபடியானால் 20 லட்சம் டாலர் வரையிலான கடனுக்கு வரி வேண்டாம் என்றது. 982-ஆம் படிவத்தை நிரப்பி ரிட்டனோடு சேர்த்தால் போதும். அப்பாடா என்று ஆடிட்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "நடுவில் ரீஃபைனான்ஸ் செய்து, அதாவது பழைய வீட்டுக் கடனை அடைத்துப் பெரிய புதுக் கடன் வாங்கி, கையில் பணம் எடுத்தீர்களா?"

எடுத்திருந்தேன். 2007-ல் 50,000 டாலர். அது அப்படியே மதுரைக்குப் போய்த் தங்கை கல்யாணமாக முடிந்தது.

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். வீட்டை வாங்க, கட்ட, பெரிய அளவில் மேம்படுத்த எடுத்த கடனுக்குத்தான் இந்தச் சலுகை. அந்தப் பணத்தில் சமையலறையை இடித்துக் கட்டியிருந்தால் சரி. கல்யாணம், கார், கிரெடிட் கார்டு பாக்கி எதுவும் சேராது. சரி, 50,000-ஐ விகிதப்படி பிரிப்பார்கள் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. தள்ளுபடியான தொகை முதலில் சலுகை இல்லாத பகுதியின் தலையில்தான் விழும். அதாவது 1,10,000-ல் முதல் 50,000 முழுக்கக் கல்யாணக் கடன். மிஞ்சிய 60,000-க்கு மட்டும்தான் சலுகை.

அந்த 50,000-க்கு இன்னொரு வழி பார்த்தோம். தள்ளுபடிக்கு முந்தைய நொடியில் மொத்தக் கடன் மொத்தச் சொத்தைவிட அதிகமாக இருந்தால், எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு வரி இல்லை. ஐ.ஆர்.எஸ். வெளியீடு 4681-ல் இதற்கு ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. கடன் பக்கம் வேகமாக நிரம்பியது. சொத்துப் பக்கத்தில் வீடு, கார், பேங்க் இருப்பு எழுதினேன். பேனாவை மூடப் போனேன். ஆடிட்டர் விடவில்லை. 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் இருப்பது? கடன் கொடுத்தவர் தொட முடியாத பணம்தான், ஆனாலும் இந்தக் கணக்கில் வரும். ஊரில் ஏதாவது? அப்பா என் பேரில் வாங்கிப் போட்ட மனை. அதுவும் வரும். எல்லாம் கூட்டிய பிறகு கடன் 18,000 மட்டுமே அதிகம். மிச்சம் 32,000 வருமானத்தில் ஏறியது. நாங்கள் இருந்த 25 சதவீத அடுக்கில் 8,000 டாலர் மத்திய வரி. 

கலிபோர்னியாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே குடியிருக்க வீடு வாங்கிய முதல் கடனுக்குப் பெரும்பாலும் வீடு மட்டும்தான் பொறுப்பு, நீங்கள் இல்லை. அப்படிப்பட்ட கடனில் வீடு ஏலம் போனால் தள்ளுபடி வருமானம் என்பதே கிடையாது. முழுக் கடன் தொகைக்கும் வீட்டை விற்றதாகக் கணக்கிட்டு லாபம் உண்டா என்று மட்டும் பார்ப்பார்கள்.

அந்த 2007 சலுகையைப் பல தடவை நீட்டித்தார்கள். 2020 டிசம்பர் சட்டம் வரம்பை 7,50,000 டாலராகக் குறைத்து, 2025 கடைசி வரை நீட்டித்தது. அந்தச் சட்டப்படி, 2026-க்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தால் தள்ளுபடி பிறகு நடந்தாலும் செல்லும். கடன் கொடுத்தவரிடமிருந்து வந்த கடிதத் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். மஞ்சள் நோட்டீஸ், அதாவது திவால் வழக்கில் தள்ளுபடியான கடனுக்கு உள்ள விலக்கும், சொத்தைவிடக் கடன் கூடுதல் என்ற அந்தக் கணக்கும் காலாவதியாகிற சமாச்சாரம் இல்லை.

தங்கைக்கு இந்த 8,000 டாலர் விஷயம் இதுவரை தெரியாது. இந்தச் சேனலை அவள் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.