மழை மேலே அனுப்பும் அலைகள்

பெரியோர்களே, தாய்மார்களே, தமிழ் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம்.

ரீயூனியன் தீவுக்காரர்களிடம் மழையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். 1966 ஜனவரியில் நம் ஃபொக்-ஃபொக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது. உலக சாதனை அது. கொட்டிய தண்ணீர் ஆறாகிக் கடலுக்கு ஓடுவதை நாம் பார்க்கிறோம். மழை மேலே என்ன செய்கிறது? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நீராவி துளியாக மாறும்போது, ஒரு கிலோ தண்ணீருக்குச் சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிவருகிறது. அந்தச் சூட்டில் மேகம் 16, 17 கிலோமீட்டர் வரை எழும்பி, மேலே இருக்கும் அடுக்கு மண்டலம் என்ற காற்றடுக்கை முட்டுகிறது. முட்டித் தள்ளப்பட்ட காற்றைப் புவியீர்ப்பு கீழே இழுக்கும். அது தன் இடத்தைத் தாண்டி இறங்கி, மறுபடி ஏறும். இதுதான் புவியீர்ப்பு அலை. ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்பு அலை வேறு, பிள்ளைகள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. தகரக் கூரைக்கடியில் படுத்து மழையைக் கேட்டிருப்பீர்கள். சடசடவென்று அறையும், அடங்கும், பத்து நிமிஷத்தில் மறுபடி அறையும். அடுப்பில் உலை வைத்தவர்களுக்கும் இது தெரியும்: சிறு தீயில் மூடி சும்மா கிடக்கும், தீ குப்பென்று ஏறினால் படபடக்கும். மாதத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற சராசரியைப் பார்த்தால் அலையின் பலம் தெரியாது. மழை விட்டு விட்டு அடிக்கும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அது பிறக்கிறது. வானிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் பல, மழையை ஓயாத தூறலாகப் பரப்பிவிடுகின்றன. மொத்த மழை சரியாக வந்தாலும் அலை சோர்ந்துபோகிறது. இதைச் சின்னப் பிழை என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

ஏனென்றால், 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். காற்று மெலிய மெலிய அலை பெருத்து, கடைசியில் உடைகிறது. எர்மித்தாஜ் கரையில் பாருங்கள், பவளத்திட்டில் உடையும் அலை உள்ளே தண்ணீரைத் தள்ளும். மேலே உடையும் அலையும் அப்படியே காற்றைத் தள்ளுகிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே அடுக்கு மண்டலக் காற்று ஓராண்டுபோலக் கிழக்கிலிருந்தும், அப்புறம் ஓராண்டுபோல மேற்கிலிருந்தும் வீசுகிறது. ஒரு சுற்றுக்குச் சராசரி 28 மாதம். வெப்பமண்டல மழை எழுப்பும் சிறிய அலைகளும் பெரிய அலைகளும் சேர்ந்துதான் இதைத் திருப்புகின்றன. 1883இல் கிரகட்டோவா எரிமலைத் தூசு மேற்கு நோக்கி உலகைச் சுற்றியதைப் பார்த்தவர்கள், அங்கே எப்போதும் கிழக்குக் காற்றுதான் என்று நினைத்தார்கள். திசை மாறி மாறி வருகிறது என்று தெளிவாக 1960 வரை ஆனது.

நம் மாய்தோ மலையில், 2,160 மீட்டர் உயரத்தில், 2012 முதல் ஓர் ஆய்வகம் இயங்குகிறது. அங்கிருந்து லேசர் ஒளியை மேலே செலுத்தி, உயரத்துக்கு உயரம் வெப்பநிலையை அளக்கிறார்கள். அந்த அளவுகளைக் கோடாக வரைந்தால், அதன் நெளிவில் அலை தெரியும். ஆனால் அடர்ந்த மேகத்தை ஒளி ஊடுருவாது. மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் இரவுக்காக அவர்கள் காத்திருக்க வேண்டும்.